துறைமுக நகர அழிப்புத் தடுப்புக் குழு

கட்டடங்கள் இடியலாம், அனுமதியில்லாமல் இடியக்கூடாது. கட்டட அனுமதிப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கொள்கை இதுதான். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், யாரையும் கேட்காமல், தன் மனைவியின் ரயில் நிலையத்தைத் தரைமட்டமாக்கிவிட்டார்.

கணினி விளையாட்டில்தான். கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுகிற விளையாட்டு. வீட்டில் நாலு பேரும் சேர்ந்து ஆடினார்கள். பல் மருத்துவரான மனைவிதான் தலைமைச் சிற்பி. நாளெல்லாம் ஊரார் வாய்க்குள் குனிந்து ஓட்டை அடைத்துவிட்டு வந்து, மாலையில் துறைமுக நகரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் வந்தால் தானாகத் தூக்கிக்கொள்ளும் பாலமெல்லாம் அதில் உண்டு. ரயில் பாதை, கல்லூரியில் படிக்கும் மகளின் பொறுப்பு. மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அங்கேயும் லிஃப்ட் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றுவிட்டான். கண்காணிப்பாளரை நம்பிக் கொடுத்த வேலை, தெருவிளக்கு.

ஒரு விளக்கு கோணலாக நிற்பதாக அவருக்குப் பட்டது. அதைத் திரையில் வளைத்துக் குறித்து அழிக்கும்போது கை கொஞ்சம் விலகிவிட்டது. விளக்கு அப்படியே நின்றது. பின்னால் இருந்த நிலையத்தைக் காணோம்.

"என்னங்க, ஸ்டேஷன் எங்க?"

"எந்த ஸ்டேஷன்?" என்றார். அலுவலகப் பழக்கம்.

மனைவி கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். "அந்தக் கூரைக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை; குழு அமைத்துத்தான் பழக்கம்.

"தினமும் ஒரு காப்பி எடுத்து வச்சா போதும்ப்பா" என்றாள் மகள்.

"காப்பி இருக்குன்னு தெரிஞ்சா பயம் விட்டுப்போகும். எல்லாரும் இஷ்டத்துக்கு அழிப்பாங்க."

"இதுவரைக்கும் அழிச்சது நீங்க மட்டும்தானே?"

கேள்வி பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. தவறுதலான அழிப்புத் தடுப்புக் குழு அன்றே உதயமாயிற்று. தலைவர், அவரேதான்.

"அழிச்சவரே தலைவரா, அத்தான்?" என்றான் மச்சான்.

"இந்த விஷயத்துல வேற யாருக்குய்யா அனுபவம் இருக்கு?"

விதி எளிமையானது. யார் எந்தக் கட்டையை எடுத்தாலும் நாலு பேர் செல்போனிலும் 'அழிக்கச் சம்மதமா?' என்று கேள்வி வரும். நாலு பேரும் 'ஆம்' சொன்னால்தான் கட்டை நகரும். மகள் முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்து கொடுத்தாள். ஆனால் சம்மதத்தையே ஒருவர் தவறுதலாகக் கொடுத்துவிட்டால்? ஆகவே 'உறுதியாகச் சம்மதமா?' சேர்க்கப்பட்டது. அந்த உறுதி தூக்கக் கலக்கத்தில் பிறந்ததாக இருந்தால்? ஆகவே, 'மேற்படி சம்மதங்கள் சுயநினைவோடு அளிக்கப்பட்டவைதானா?'

மச்சான் ஒரு லிஃப்ட் கதவைத் திருப்பி வைத்துவிட்டான். அதைச் சரிசெய்வதற்குள் நாலு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது கேள்வி வந்தால் மனைவி முழங்கையால் 'ஆம்' சொன்னாள். மச்சான், இரண்டு கையும் கிரீஸாக லிஃப்டின் அடியில் படுத்திருக்கும்போது மூக்கால் சொன்னான். மகள் வகுப்பில் மேசைக்கடியில் பார்க்காமலேயே சொல்லப் பழகினாள்.

"இந்த மாசம் ஒரு கட்டை கூடத் தவறுதலாப் போகலை பாத்தீங்களா?" என்று மார்தட்டினார் தலைவர்.

"ஒரு கட்டை கூடப் புதுசாவும் வைக்கலைங்க" என்றாள் மனைவி.

பாதுகாப்பு என்றால் அப்படித்தான் என்று விளக்கினார்.

பிறகு ஒரு நாள், அலுவலக மதிய இடைவேளையில், செல்போனிலேயே விளையாட்டைத் திறந்து, அலைத்தடுப்புச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரே ஒரு கல்லை எடுக்க முனைந்தார். விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது. கேள்வி முறைப்படி எல்லோருக்கும் போயிற்று: 'துறைமுக நகரம் முழுவதையும் அழிக்கச் சம்மதமா?'

முழங்கை ஆம் என்றது. மூக்கு ஆம் என்றது. மேசைக்கடியிலிருந்தும் ஆம். தலைவர், தன் விதியைத் தானே மீறக்கூடாதே என்று, ஆளுக்கு முந்தி மூன்று தடவையும் ஆம் என்றிருந்தார்.

மாலையில் நாலு பேரும் திரை முன் நின்றார்கள். கடல் இருந்தது. கடல் மட்டும்தான் இருந்தது.

"யாரு சம்மதம் குடுத்தது?" என்றாள் மனைவி. பிறகு தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "இதைத் தவறுதலான அழிப்புன்னு சொல்ல முடியாது. விதிப்படி, அனைவரும் சுயநினைவோடு..." வாக்கியம் பாதியில் நின்றது. மனைவியின் கண் கலங்கியிருந்தது. அவர் தரையைப் பார்த்து எதையோ முனகினார்.

"நல்லா வாயைத் திறந்து சொல்லுங்க."

"மன்னிச்சிடும்மா. ரெண்டு தடவைக்கும் சேர்த்து."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மச்சான் குழுவைக் கலைக்க வேண்டுமென்றான். கலைக்கச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. வேறொரு விளையாட்டில் முதலிலிருந்து தொடங்கலாம் என்றாள் மகள். புதிய விளையாட்டு திறந்ததும், பொடி எழுத்தில் நீளமாக என்னவோ ஓடியது. கீழே ஒரு கட்டம்: 'மேற்கண்ட அனைத்தையும் படித்தேன், புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்.'

எழுத்து ஓடி முடிவதற்குள் நாலு பேரும் அழுத்திவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. சிரிக்காதீர்கள். போன வாரம் நீங்களும்தான் அழுத்தினீர்கள்.