வாங்கில் இருந்த வீரன்

பொய் சொல்லுகிறவனுக்கு உயரம் ஆகாது. ஒளிக்க இடம் கிடைக்காது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கில் ஆறடி மூன்றங்குலத் தமிழன் ஒருவன் நடந்து போனால் கூடைப்பந்துக் கழகக்காரர் சும்மா விடமாட்டார்கள். (விளையாடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.) வைலே, ஹேர்னிங், ஸ்கீவ என்று அகதியாக நான் போய்ச் சேர்ந்த ஊரெல்லாம் ஒரு கழகம் என்னைப் பிடித்தது. மூன்றிலும் ஒரே பதவி: மாற்று சென்டர். அதாவது, கூடைக்குக் கீழே நிற்கும் நெட்டையன் விழுந்தால் எழும்ப வேண்டிய இன்னொரு நெட்டையன். எங்கள் நெட்டையன்மார் ஒருநாளும் விழவில்லை. நான் களத்தோரத்தில் மாற்று ஆட்கள் குந்தும் நீள வாங்கில் இருந்து எல்லாருக்கும் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

பகலில் துணி ஆலையில் வேலை. ஆனால் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ‘தொழில்முறை விளையாட்டு வீரன்’ என்று ஒரு வரியைத் தட்டிவிட்டேன். அம்மா அதைத் தரகரிடம் காட்டிவிட்டார். வசந்தி என்ற பெண்ணின் படம் வந்தது. பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். அவளுடைய தமையன் ஹேர்னிங்கில் இருந்தார். மாப்பிள்ளை விளையாடுவதை ஒருக்கால் பார்க்க, நான் அப்போது இருந்த ஸ்கீவவுக்கு வருவதாகப் போன் எடுத்தார்.

வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்வரிசையில் இருந்தார். நான் வாங்கில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் எங்கள் சென்டர் ஐந்தாவது பிழையும் விட்டு வெளியேற்றப்பட்டான். பயிற்றுநர் சுற்றுமுற்றும் தேடினார். வேறு ஆளில்லை.

நாங்கள் ஒரு புள்ளி முன்னுக்கு நின்றோம். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு என் பக்கம் திரும்பியது. பிடித்தால் போதும், வெற்றி. பிடிக்கப் பின்வாங்கியவன், எதிரணி நெட்டையனின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும், வளர்ப்பு அப்படி. குனிந்தேன். தொட்டேன். ஒற்றினேன். பந்து என் முதுகுக்கு மேலால் போனது. (நான் சப்பாத்து நூல் கட்டிவிடுகிறேன் என்று நினைத்த அந்த டேனிஷ்காரன், ‘தக்’ என்று நன்றி சொல்லி மற்றக் காலையும் நீட்டினான்.) நிமிர்ந்தபோது அவர்கள் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் தமையன் நின்றார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். இதுதானோ உம்மடை தொழில்?”

“இல்லை அண்ணை. துணி ஆலையிலை வேலை. இஞ்சை சும்மா குந்தியிருக்கிறனான்.”

அவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். என் கலியாணமும் அந்தக் காரிலேயே போய்விட்டது என்று நினைத்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

இரண்டு மாதத்தில் ஊரிலிருந்து சம்மதம் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலியாணம் முடிந்த பிறகுதான் தமையன் அன்று எழுதிய கடிதத்தை வசந்தி காட்டினாள்:

“தங்கச்சி, பொடியனுக்கு விளையாடத் தெரியாது. பொய்யும் சொல்லியிருக்கிறான், ஆனால் கேட்டவுடனை ஒத்துக்கொண்டிட்டான். நீ வாய்க்காரி. வெல்லப்போற நேரத்திலையும் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கிற ஆள் உனக்கு வேறை கிடைக்காது. ஓம் எண்டு சொல்லு.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாக்குவாதம் முற்றினால் வசந்தி பேச்சை நிறுத்திவிட்டுக் காலை நீட்டுவாள். பிள்ளைகள் டேனிஷில் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது எனக்கு இடுப்பு நோகிறதுதான். ஆனாலும் குனிந்துவிடுவேன்.