மாப்பிள்ளை லைனில் கோளாறு

பொன்னுராஜ் குதிரையை நகர்த்திவிட்டு டீ குடித்தான். முகம் கழுவினான். பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தும் முடித்தான். கம்ப்யூட்டர் திரையில் எதிராளியின் காய் ஒன்றுகூட அசையவில்லை.

"லைன் செத்துப்போச்சாண்ணே?"

டெலிபோன் லைன்மேன் கருத்தையா மோடத்தில் காதை வைத்துப் பார்த்தார். "உசுரு இருக்கு தம்பி. ஆனா இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

அது 1998. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் பொன்னுராஜ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஆபீஸில் உட்கார்ந்து அவன் ஆடிக்கொண்டிருந்தது வெறும் செஸ் இல்லை, அவன் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்க்கப் போனபோது தங்கபாய் நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் அவள் அப்பா சுயம்புலிங்கம் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்.

"மூளை இருக்கிற பையனுக்குத்தான் பொண்ணு. செஸ்ஸுல என்னைய ஜெயிக்கட்டும். நிச்சயத்துக்கு முன்னால வீட்டுக்கு வந்து போனா ஊரு பேசும். போன் வழியா ஆடுவோம். புதுசா கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கிப் போட்டிருக்கேன்லா?"

அந்த வீட்டு ஷோகேஸில் வரிசையாக நின்ற செஸ் கோப்பைகளைப் பார்த்தபோதே இவனுக்குப் பாதி உயிர் போயிருந்தது. குதிரை எப்படிப் போகும் என்பதையே அவன் போன மாதம்தான் கற்றிருந்தான்.

"கேட்டுல இதே லைன்ல இன்னொரு போன் இருக்குல்லா?" என்றார் கருத்தையா. "வாட்ச்மேன் அத எடுத்து எடுத்து வச்சா இப்படித்தான் இழுக்கும்."

பொன்னுராஜ் ஓடிப்போய் அந்த போனின் வயரைப் பிடுங்கினான். அப்போதும் காய் வரவில்லை, பஞ்சு லாரிதான் வந்தது. மேனேஜரிடம் போனில் கேட்காமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. வாட்ச்மேன் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, லாரி நடுரோட்டில் நிற்க, பின்னால் தென்காசி பஸ்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன.

"அப்ப எர்த்துதான் காஞ்சிருக்கும். தண்ணி ஊத்துங்க தம்பி."

பொன்னுராஜ் லைனின் எர்த் கம்பி புதைத்திருந்த குழியில் வாளி வாளியாக ஊற்றினான். குழி குடித்தது போக மிச்சம் நேராகக் குடோனுக்குப் போனது. ஒருவழியாக உள்ளே வந்து இறங்கியிருந்த பஞ்சு மூட்டைகள் அடியோடு நனைந்தன.

மேனேஜர் ராஜு தலையில் கை வைத்தார். "ஏமய்யா, பஞ்சைக் குளிப்பாட்டி விட்டிருக்கியே! இனிமே இந்த ஆபீஸ் போனை நீ தொடப்படாது!"

பொன்னுராஜ் எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டான். "மாமா, உங்க காய் வர ரொம்ப நேரம் ஆகுது..."

"அதேதான் மாப்ள, லைன் கோளாறு! எங்க ஊரு லைனு பளிங்கு மாதிரி இருக்கு. உங்க ராஜபாளையத்துலதான் சரியில்ல."

"இனி எனக்கு போனே கெடையாது மாமா. நேருல வாரேன், பலகையில வச்சு முடிச்சிருவோம்."

"நேர்லயா?" என்றார் சுயம்புலிங்கம்.

வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனான். கடைசியில் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்த அவர் காய் வரை, திரையில் நின்ற மாதிரியே பலகையில் காய்களை அடுக்கினார்கள்.

பொன்னுராஜ் யானையை நகர்த்தினான். சுயம்புலிங்கம் பலகையைப் பார்த்தார், மோட்டு வளையைப் பார்த்தார். "செத்த இரும் மாப்ள. தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் கழித்து வந்து ஒரு சிப்பாயைத் தள்ளினார். பொன்னுராஜ் உடனே ஆடினான். அவருக்கு மறுபடியும் தாகம் எடுத்தது.

நடுவில் வயர் இல்லை, மோடம் இல்லை. ஆனாலும் காய் அதே வேகத்தில்தான் வந்தது. அப்படியானால் லைனில் கோளாறே இல்லை, மனிதர் அவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்று பொன்னுராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. இவரை எங்கே ஜெயிப்பது? இனி தங்கபாய் தனக்கில்லை என்று முடிவுகட்டினான்.

"நான் தோத்துட்டேன்னே வச்சுக்கிடுங்க மாமா" என்று எழுந்தான்.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. கையில் கரண்டியோடு தங்கபாயின் அம்மா ஆவுடையம்மாள் வெளியே ஓடி வந்தாள்.

"உக்காருங்க மாப்ள! இவியளுக்குக் குதிரையும் தெரியாது, ஆனையும் தெரியாது. ஷோகேஸ்ல இருக்கிற கோப்பை பூராவும் தங்கபாய் வாங்குனது. உள்ளருந்து காய் சொல்லி விடுறதும் அவதான்."

சுயம்புலிங்கம் மறுபடி மோட்டு வளையைப் பார்த்தார்.

பொன்னுராஜ் மறுபடி உட்கார்ந்தான். "என்னைய ஜெயிக்கவா அத்தை அவ இம்புட்டு நேரம் யோசிக்கா?"

"ஜெயிக்கணும்னா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவாளே! உங்ககிட்ட எப்படியாவது தோத்துரணுமாம், அதுக்கு வழி தெரியாமத்தான் காலையில இருந்து மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடக்கா."