பிழையற்ற நாற்பது கோப்புகள்

மாட்சிமை தங்கிய அரசு அலுவலகங்களில் கையெழுத்து இல்லாமல் ஒரு துரும்பும் நகராது. கையெழுத்து இருந்தும் நகராதவை பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம். கடலூரில் இருந்த ஊராட்சி இணையதளப் பிரிவும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அங்கே வெண்மதி ஒப்பந்த ஊழியர். அண்ணாமலை நகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். மாதக் கடைசிக்குள் நாற்பது ஊராட்சிகளுக்கு இணையதளம் திறந்தால் அவள் ஒப்பந்தம் ஒரு வருடம் நீளும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சர்வருக்குச் சொல்ல ஊருக்கொரு கோப்பு வேண்டும். வெண்மதி நாற்பது தடவை எழுதவில்லை. மாதிரிக் கோப்பு ஒன்று எழுதி, ஊர்ப் பெயர் வரும் இடங்களைக் காலியாக விட்டு, அவற்றைத் தானாக நிரப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கணினியில் ஓடவிட்டாள். நாலே நொடியில் நாற்பதும் வந்து விழுந்தன.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! கண்காணிப்பாளர் சபாபதி ஒரு கோப்பை அச்செடுக்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நாலு நொடியிலயா? நாலு வாரம் ஆவும்னு மேல எழுதிட்டமே! சரி, போவட்டும். பொருள் எங்கம்மா? பார்வை எங்க? ஒரு 'ஐயா' கூடக் காணோம்."

"இது மனுஷங்க படிக்கிறது இல்ல சார். சர்வர் படிக்கிறது."

"சர்வர்னா மரியாதை வேணாமா?"

வாதாடினால் மாதம் போய்விடும். வெண்மதி மாதிரிக் கோப்பின் தலையில் பொருள், பார்வை, ஐயா எல்லாம் எழுதி, அந்த வரிகளுக்கு முன்னால் மட்டும் ஒரு # போட்டாள். நாற்பது கோப்புகளும் மரியாதையோடு மறுபிறவி எடுத்தன.

"இது என்னாம்மா, ஜன்னல் கம்பி?"

"ஹேஷ் சார். இதைப் போட்ட வரியை சர்வர் கண்டுக்காது."

சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதினது எழுதினபடி இருக்கும்?"

"இருக்கும் சார்."

"ஆனா ஒண்ணும் நடக்காது?"

"நடக்காது சார்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருட சர்வீஸில் அவர் தேடிக்கொண்டிருந்த குறி இதுதான்.

மறுநாளே மனுக்களின் மேல் "# உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதத் தொடங்கினார். உதவியாளர் பாலகுமார் வருகைப் பதிவேட்டில் தன் கையெழுத்துக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டுவிட்டு, மனசாட்சி உறுத்தாமல் தூங்கினார். தெருவிளக்கு கேட்ட பண்ருட்டி பலாப்பழ வியாபாரி வைத்திலிங்கத்துக்கு "# விளக்கு அமைக்கப்படும்" என்று பதில் போனது. ஒரே வாரத்தில் அவர் நேரில் வந்துவிட்டார்.

"கடுதாசி வந்துது சார். வெளக்கு வரலியே?"

"முன்னாடி ஒரு குறி இருந்துதே, பாக்கலியா?"

"அந்தக் குறி இல்லாம வந்த மூணு கடுதாசி வீட்ல இருக்கு சார். அதுக்கும் வரல."

"அது பழைய முறை. இது கணினி முறை" என்று பெருமையோடு விளக்கினார் சபாபதி.

இருபதாம் தேதி அவருக்கு இன்னொரு ஞானம் பிறந்தது.

"கோப்புல சில வரிக்கு ஹேஷ் இருக்கு, சிலதுக்கு இல்ல. அரசாங்கத்துல பாரபட்சம் கூடாதும்மா. எல்லாத்துக்கும் போடு."

"எல்லாத்துக்கும் போட்டா சைட்டே வராது சார்!"

"பிழைன்னு காட்டுமா?"

வெண்மதிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "காட்டாது சார். படிக்க ஒண்ணுமே இல்லன்னா தப்பு எப்பிடி வரும்?"

"அதாம்மா வேணும்!"

மாதிரியில் ஒரே ஒரு திருத்தம். நாற்பது ஊரும் தலை முதல் கால் வரை ஹேஷ். சோதனை செய்ததில், பிழை எதுவும் இல்லை என்றது சர்வர். அதை அச்செடுத்து, முத்திரை குத்தி, "நாற்பது ஊர், பிழை பூஜ்யம்" என்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார் சபாபதி. இணையதளம் திறக்கிறதா என்று படிவத்தில் கேள்வி இல்லை. ஆகவே யாரும் திறந்து பார்க்கவில்லை. இச்சாதனை எவ்வாறு எய்தப்பட்டது என்று மட்டும் கேட்டார்கள். குறியின் மகிமையை மூன்று பக்கம் எழுதி அனுப்பினார்.

மாதக் கடைசி நாளில் சென்னையிலிருந்து இரண்டு உறைகள் வந்தன. வெண்மதி தன்னுடையதைப் பிரித்தாள்.

"# செல்வி வெண்மதியின் ஒப்பந்தம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது."

"சார், முன்னாடி ஹேஷ் இருக்கு சார்..."

"சின்னக் குறி, அதைப் போயி பெருசு பண்ணிக்கிட்டு!" என்று சிரித்தபடியே சபாபதி தன் உறையைக் கிழித்தார்.

"# திரு. சபாபதிக்குப் பதவி உயர்வு அளிக்கப்படுகிறது."

சிரிப்பு பாதியில் நின்றது. பாலகுமார்கூட விழித்துக்கொண்டார். விளக்கு விஷயமாக ஐந்தாம் முறை வந்திருந்த வைத்திலிங்கம், வாசற்படியில் நின்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கேலியே இல்லை; உண்மையான அக்கறைதான் இருந்தது.

"கடுதாசியப் பத்திரமா வெச்சிக்குங்க சார். என்னுதுல ரெண்ட எலி கடிச்சிடுச்சி."