தும்மலுக்கு ஒரு நொடி முன்பு எடுத்த படம்

கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் கையை அடக்குவது கஷ்டம். ஐம்பதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் நான் தற்காலிக குமாஸ்தா. எனக்கு இருந்த ஒரே தகுதி அந்தக் கையெழுத்துதான். (அறிவும் இருந்ததாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.)

மேனேஜர் விஸ்வநாதய்யர் பாலக்காட்டுக்காரர். ஓய்வு பெறுவதற்குள் என்னை நிரந்தரமாக்கிவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் கொடுப்பதற்காக ஆபீசே சேர்ந்து ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டது. இடம், மிளகு காயவைக்கும் முற்றம். அதைவிட மோசமான இடத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் காயல் பக்கமிருந்து காற்று வீசி, மிளகுத் தூசி கிளம்பியது. "ஆரும் அனங்கருது" என்று துணிக்குள்ளிருந்து உத்தரவு வந்தது. யாரும் அசையவில்லை. தும்மவும் இல்லை.

விளைவு, படத்தில் கண் சொருகி, மூக்கு விடைத்து, வாய் கோணி ஒரு பெருங்கூட்டம். காற்று வந்த பக்கத்தின் ஓரத்தில் நின்றதால் தூசி படாத நான் மட்டும் மாப்பிள்ளைபோல் சிரித்துக்கொண்டிருந்தேன். அதையும் என் சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய தாள் மூடி, படம் வந்தது. அடியில் பெயர்களை எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதி முடித்தேன். அதோடு எழுந்து போயிருக்கலாம். தாளை மூடியபோது எல்லோரும் அதன் வழியே மங்கலாகத் தெரிந்தார்கள். பென்சிலை நன்றாகக் கூராக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு வரி எழுதினேன். மேனேஜருக்கு, 'மனு செய்யாத தும்மலுக்கு அனுமதி மறுக்கிறார்'. வாயை இறுக மூடியிருந்த காஷியர் மேனோனுக்கு, 'தும்மலையும் பெட்டியில் பூட்டுபவர்'. தனியாகச் சிரித்துவிட்டு, தாளைக் கிழித்தெறிந்து புதுத் தாள் ஒட்டினேன். மேதைக்குச் சாட்சி வேண்டாம் என்று நினைப்பு.

பிரிவுபசார நாளன்று மேனேஜர் தாளைத் தூக்கினார். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் படத்தைச் சாய்த்தவர், சாய்த்தபடியே நின்றார்.

"ஏண்டா, என் மார்பிலே என்னமோ எழுதியிருக்கே?"

எழுதித்தான் இருந்தது. நான் பென்சிலை அழுத்திய அழுத்தத்தில், அத்தனை வரியும் படத்தில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. என் கையெழுத்தின் அழகால் ஓர் எழுத்துகூடக் குழப்பமில்லை. அவர் வரிசையாக, நிதானமாக வாசித்தார். தமிழ் படிக்கத் தெரியாத மேனோன் அருகில் வந்தார்.

"சாமி, என்றெ நெஞ்சில எந்தா?"

"அவனே சொல்லுவான்" என்றார் மேனேஜர்.

நானே மலையாளத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் நகைச்சுவை துளிகூட மிஞ்சவில்லை.

"எல்லாருக்கும் ஆச்சு. ஓரத்திலே பல்லைக் காட்டிண்டு நிக்கறவனுக்கு என்னடா?"

நான் படத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்காமல், அவரே அதை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "'எதிர்கால மேனேஜர்'" என்று வாசித்தார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த ஆபீஸ் அப்போதுதான் சிரித்தது.

"எதிர்காலந்தானே. அதுவரைக்கும் தற்காலிகமாவே இருக்கட்டும்" என்று சொல்லி, என்னை நிரந்தரமாக்கும் உத்தரவைக் கையெழுத்திடாமல் மேஜைக்குள் தள்ளினார். அடுத்து வந்த மேனேஜர் அதைத் தேடியெடுக்க ஒரு வருஷம் ஆயிற்று.

அய்யர் அந்தப் படத்தை மறைத்துவைக்கவில்லை. வீட்டில், மாலை வெயில் சாய்வாக விழும் சுவரில் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, வெயில் வரும்வரை உட்காரவைத்தார். அப்படிக் காத்திருந்து படித்தவர்களில் அவருடைய தங்கை மகளும் ஒருத்தி. பின்னால் எனக்கு வாழ்க்கைப்பட்டவள்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து, "உங்களைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இவர் எப்படி இருந்தார் மாமி?" என்று கேட்டால் அவள் பதில் ஒன்றுதான்.

"அவர் என்னைப் பார்க்க வரதுக்கு முன்னாடியே நான் அவரைப் படிச்சாச்சு."