வலி எனக்கு, ஊசி அவருக்கு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் புகார். ஒரு காலத்தில் அதைத் திறக்காமலே சாகப் பார்த்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிது. மலேசியாவில் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் வலி பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் நிமிரவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் பஸ் பிடித்து ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எங்கள் தோட்டத்து வழக்கப்படி, பெண்டாட்டியின் நோவைப் புருஷன்தான் டாக்டரிடம் சொல்லவேண்டும். தொப்புளுக்குக் கீழே என்றால் பெண்பிள்ளை மூச்சே விடக்கூடாது.

"நீ சும்மா இரு லா, நான் பேசிக்கிறேன்" என்றார். முந்தானையைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். (மகா பத்தினி என்று நினைப்பு!)

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எங்கே வலி என்று மலாயில் இவரைக் கேட்டார்: "சாக்கிட் மானா?"

இவர் தன் வயிற்றின் வலது பக்கத்தை அமுக்கி, "சினி, டாக்டர்" என்றார். ராத்திரி தூங்காததையும் முனகிக் காட்டினார். என்னைவிட அவருக்கு நன்றாகவே வலித்தது. டாக்டர் படுக்கச் சொன்னார். டாக்டர் சொன்னால் மீறலாமா? படுத்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து "ஐயோ அம்மா!" என்று அலறல் கேட்டது. ஊசி போட்டாகிவிட்டது.

இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தவர், உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையும் வாங்கிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

எழுந்தேன். டாக்டரின் மேசைமேலேயே வாந்தி எடுத்தேன். அப்புறம்தான் வாய் திறந்தது. "சாயா சாக்கிட், டாக்டர்! எனக்குத்தான் வலி! எனக்கு!"

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் ஒருநாள் பத்தினியாக இருந்திருந்தால் என் படத்துக்கு மாலைதான். நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

போன மாதம் முழங்கால் வலிக்கு மகன் கூட்டிப்போனான். புது டாக்டர், சின்ன வயது, அதிலும் பெண். (அப்பாடா என்று நினைத்தேன்.) அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, மகனைப் பார்த்து, "அம்மாவுக்கு எங்க வலி?" என்றாள்.

அவன் குனிந்து தன் முழங்காலைத் தொடப் போனான்.

"டேய், கையை எடுடா!" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். "ஊசி போட்டுருவாங்க."