பாலத்தில் இடமில்லை, மக்களே

தாம்பரம் பக்கத்தில் மனிதர்களில் ஒரு புது ரகம் பெருகிவிட்டது. 'ஹாய் மக்களே' ரகம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் அதன் மேல் விழும் வெளிச்சத்தைப் பார்ப்பவர். குரோம்பேட்டையில் ஜூஸ் வாங்கினாலும் மாடம்பாக்கம் கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் போன் முன்னால்தான் செய்வார். படத்தில் சரியாக விழவில்லையென்றால் மறுபடியும் போட்டுக்கொள்வார். சாமிக்கே ரெண்டாவது டேக்.

எங்கள் முடிச்சூர் ஜெயகிருஷ்ணன் இதில் முதல் தரம். ஆபீசில் கணக்கு பார்ப்பவர், வெளியில் பிரபலம். பெருமழை என்று அறிவிப்பு வந்தால் எங்கள் ஏரியாவில் ஒரு வழக்கம் உண்டு: காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திவிடுவோம். வெள்ளத்தில் பட்ட பாடு அப்படி. இவரோ புதுக் கார் வாங்கி, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஏங்க, முதல்ல நம்ம காரை விட்டுட்டு வந்துடுங்க" என்றார் மனைவி சுப்ரஜா, இந்த முறை அறிவிப்பு வந்ததும்.

கேட்பாரா? பாலம் காலியாகத் தெரிந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்று காரை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் பாலத்துக்குப் போனார். "மக்களே, எவ்ளோ இடம் இருக்கு பாருங்க, உடனே வந்துடுங்க" என்று கை விரித்தார். தலைமுடி கலைந்ததால் மறுபடியும் விரித்தார். வீட்டுக்கு வந்து பாட்டு சேர்த்து, வீடியோவைப் போட்டு, வந்த பாராட்டுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக நன்றி சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் தண்ணீர். அலறியடித்துக்கொண்டு காரை எடுத்துப் போனால், பாலத்தில் ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை.

கடைசி இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிய பையன் இவரைக் கண்டுகொண்டான். "அண்ணா, உங்க வீடியோ பாத்துட்டுதான் வந்தேன். ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

ஜெயகிருஷ்ணன் சிரித்தார், தன் நல்ல பக்கத்தைக் காட்டி.

காரைத் திரும்பக் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்தினார். விடிந்தபோது சீட்டு வரைக்கும் தண்ணீர். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று கிட்டே போனால், "சார், கொஞ்சம் இதைப் பிடிங்க" என்று போனை என் கையில் கொடுத்து, தண்ணீருக்குள் இறங்கி நின்று, கார் மூழ்கினால் செய்யக்கூடாதவை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்தக் கதையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட இப்போதே உங்கள் கை போகிறதே, தாராளமாகப் போடுங்கள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டால் மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.