மாப்பிள்ளை வண்டியின் முன்சக்கர விவகாரம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் சுகம். தேனீக்களும் சுகம், ஆளைக் கொட்டுகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கின்றன. உங்கள் உடல்நலத்துக்கும் உங்கள் மேலதிகாரியின் நல்ல புத்திக்கும் வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்கள் ஏடிவி வண்டி, மேடு பள்ளத்தில் ஏறுவதற்கென்றே நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த நாலு சக்கர வண்டி. போனில் நீங்கள் சொன்னதை உங்கள் மனைவி என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து நானே கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம், உங்கள் குரல் அப்படி. "வண்டி ஏறாது, பெட்டி மேல போகாது, தேனும் வராது. ஞாயித்துக்கிழமை மரக்கடைக்காரர் வர்றார். வண்டி, தேனீப் பெட்டி எல்லாத்தையும் அவர்கிட்ட விலைக்குக் குடுத்துட்டு நீ பழைய ஆபீசுக்கே போயிடு" என்றீர்கள். அவள் "சரி" என்றாள். என் மகள் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லுகிற ஆளா? கட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாதா? அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்த கையோடு மரக்கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாதாரணமாக அந்த வண்டியைப் பின்சக்கரங்கள்தான் தள்ளும். கைப்பிடியில் இருக்கிற சுவிட்சைப் போட்டால், பின்சக்கரம் வழுக்குகிற நேரத்தில் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்க வேண்டும். இழுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், இழுத்தது என்று சொல்லவில்லை. ஒரு நேரம் இழுக்கும், ஒரு நேரம் இழுக்காது. சுவிட்ச் போட்டதைக் காட்டுகிற விளக்கு மட்டும் எல்லா நேரமும் பளிச்சென்று எரியும். விளக்கு எரியுது, வேலை நடக்கல, இதை யாரிடம் போய்ச் சொல்ல? அதிலும் தேனீப் பெட்டியை விடியற்காலையில்தான் நகர்த்த முடியும். வெயில் வந்துவிட்டால் பெட்டிக்குள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்து வீட்டைக் காணோமே என்று ஊர் முழுக்கச் சுற்றுவார்கள். மேல் சரிவில் பூ பூத்துக் கொட்டுகிறது. அது உதிர்வதற்குள் பெட்டிகள் மேலே போனால்தான் இந்த வருஷம் தேன்.

முதல் நாள் விடியற்காலையில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதிச் சரிவு வரை ராஜா மாதிரி போன வண்டி, சேற்றில் பின்சக்கரம் சுற்றியதும் நின்றது, யோசித்தது, பிறகு மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டே போய், கீழ்வீட்டு டீச்சரம்மாவின் அவரைப் பந்தலுக்குள் நுழைந்துதான் நின்றது. பெட்டிக்குள் இருந்தவர்கள் ம்ம்ம்ம் என்று என்னைத் திட்டினார்கள். டீச்சரம்மா பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து, "என்ன சார், போறப்ப முகத்தைக் காட்டிட்டுப் போனீங்க, வர்றப்ப முதுகைக் காட்டிட்டு வர்றீங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு தேனீ பக்கத்தில் வந்ததால் மூடிக்கொண்டேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவருக்கு இங்கே 'நல்லாத்தான இருக்கு' என்றே பெயர். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார், நாலு சக்கரமும் தரையில் படாமல் கட்டை கொடுத்துத் தூக்கினார், உங்கள் அத்தையை வண்டி மேல் உட்காரவைத்து சுவிட்சைப் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். முன்சக்கரம் விர்ரென்று சுற்றியது. "நல்லாத்தான இருக்கு!" என்று போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் அவரைப் பந்தல். மத்தியானம் வந்து சுவிட்சை மாற்றினார், சுற்றியது. காலையில் பந்தல். பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், சுற்றியது. காலையில் பந்தல். முன்பக்க கியர் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார், அதற்கும் சுற்றியது. டீச்சரம்மா பந்தலில் எனக்கென்று ஒரு வழியே விட்டுவிட்டார். "உங்க வண்டிக்கும் உங்களை மாதிரியே காலையில எந்திரிச்சா வேலை செய்யப் பிடிக்கல போல" என்று அத்தை சொன்னாள், பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த மெக்கானிக் என்னைப் பார்த்து, "ஓட்டுறது யாருங்க?" என்று கேட்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். இவன் பிறப்பதற்கு முன்னால் மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுத்தவன். என்னைப் பார்த்து ஓட்டுறது யாருங்கவாம்!

அப்போதுதான் எங்கள் தெருக் குழாய் உடைந்தது. விடியற்காலையில் நான் ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்காக நிற்கிறேன், சொட்டு வரவில்லை. "அப்பா, வெளிச்சம் வந்துருச்சு, ஏறுங்க!" என்று உங்கள் மனைவி கத்துகிறாள். மனசே இல்லாமல் அழுக்கு வண்டியில் ஏறினேன். மாப்பிள்ளை, ஏறியது பாருங்கள் ஒரு ஏற்றம்! வழுக்குகிற இடம் வந்ததும் முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்வி இழுத்த இழுப்பில், பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய் இறங்கியதும் நான் குதிக்காத குறை. அவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தாள். "அப்பா, தினம் செய்யிறதுல இன்னிக்கு எதைச் செய்யல?" என்றாள். "எல்லாம் செஞ்சேனே. கழுவறது ஒண்ணைத் தவிர" என்றேன். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

என் மேல் தப்பே இல்லை. எங்கள் டிப்போவில் கழுவாத வண்டி கேட்டைத் தாண்டாது. எடுக்கிறதுக்கு முன்னால் மேலே, கீழே, சக்கரச் சந்து என்று தண்ணீர் பீய்ச்சி அடித்துவிட்டுத்தான் எடுப்போம். அரசாங்க வண்டிக்கே அந்த மரியாதை என்றால் மாப்பிள்ளை வண்டிக்கு எவ்வளவு வேண்டும்? மெக்கானிக் குனிந்து பார்த்தார். முன்சக்கர கியருக்குப் போகிற வயர் சேருகிற இடத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறது. நான் பீய்ச்சுகிற தண்ணீர் நேராக அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். விளக்குக்கு வேறு வயராம், அதனால் அது வெட்கமே இல்லாமல் எரியுமாம். துடைத்து, கிரீஸ் வைத்து, புது ரப்பர் போட்டார். உங்கள் மனைவி அப்போதும் நம்பவில்லை. மறுநாள் காலையில் அவளே ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்திலேயே ஊற்றிவிட்டு ஓட்டினாள். ஏறியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. இன்று காலையோடு எல்லாப் பெட்டியும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஆபீசுக்குப் போன காலத்தில் அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். இன்று மேலே சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு வருகிற தேனீக்களைக் காட்டி, "அப்பா, அங்க பாருங்க, மூட்டை தூக்கிட்டு வருது!" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூத்தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று அவளிடம் சமாளித்தேன். இந்த ஒரு பூக்காலத்தை அவளுக்குக் கொடுங்கள். நீங்கள் இங்கே வர வேண்டாம், வேலையை விட வேண்டாம், மேலும் கீழும் ஓட நான் இருக்கிறேன். மரக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் கார் சத்தம். பார்த்தால் நீங்கள். வண்டியைக் கொடுக்கத்தான் நேரில் வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு பையிலிருந்து தேனீக்காரர்கள் போடுகிற வலைத்தொப்பி ஒன்றை எடுத்தீர்கள். "எனக்குத்தான் ஒண்ணு இருக்கே?" என்று அவள் கேட்டாள். "இது எனக்கு. ஒரு மாசம் லீவு போட்டிருக்கேன். மரக்கடைக்காரரை வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்று நீங்கள் சொன்னது இந்த அறை வரைக்கும் கேட்டது. ஆகவே மேலே எழுதியது எல்லாம் வீண், கிழித்துப் போடுங்கள். எழுந்து வந்து நேரில் பேசலாம்தான். மாமனாரும் மாப்பிள்ளையும் முகத்துக்கு முகம் இதையெல்லாம் பேசி எனக்குப் பழக்கமில்லை, அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றே ஒன்று: தொப்பியை முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். வலை முகத்துப் பக்கம் வர வேண்டும். அவள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் இப்போதைக்குச் சொல்ல மாட்டாள் போலிருக்கிறது.